இடது பெடல்

வண்டியை எங்கே வைப்பது என்பதுதான் அன்று காலையில் முதல் சிக்கலாக இருந்தது.

“பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டுடலாம்க்கா,” என்றான் அவள் தம்பி. கை ஏற்கெனவே ஹேண்டில் பாரைப் பிடித்துவிட்டது. “நாலு பேர் வந்தா உக்கார இடம் வேணாமா?”

“போட்டுடலாம்னு சொல்லாதே. வைக்கலாம்னு சொல்லு.”

“சரி, வைக்கலாம்.”

“அங்க வெயில் அடிக்கும். டேப் புதுசு. முதல்ல அதுலேர்ந்து கையை எடு.”

தம்பி கையை எடுத்தான். அவனுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். ஓட்டுவது பள்ளிக்கூட பஸ்தான். எதைச் சொன்னாலும் இரண்டு பக்கமும் அவனே வாதாடுவான் என்பதால் வந்த பெயர். அன்று மட்டும் வாதாடாமல் கட்டிலைப் பார்த்தான். கட்டிலில் அவள் கணவர், மார்பு வரை இழுத்துவிட்ட வெள்ளைத் துணியோடு, கண் மூடிக் கிடந்தார். விடிந்து காபி குடிக்கும் நேரத்துக்குப் போனவர். டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மதியத்துக்கு மேல் வேன் வரும் என்று வக்கீல் ஏற்பாடு செய்திருந்தான். அதற்குள் செய்ய வேண்டியது எல்லாம் பேசி முடிந்திருந்தது, சைக்கிளைத் தவிர.

அந்த வீட்டில் வண்டி என்றால் அது ஒன்றுதான். ஸ்கூட்டரை ஸ்கூட்டர் என்பார்கள், பஸ்ஸை பஸ் என்பார்கள். ‘வண்டியைத் தொடைச்சியா’, ‘வண்டிக்குக் காத்து அடிச்சியா’ என்றால், முன்னறையில் தாங்கியில் மாட்டியிருக்கும் அந்தப் பழைய ரேஸ் சைக்கிளைப் பற்றித்தான் பேச்சு. தாங்கியும் கடையில் வாங்கியது இல்லை. பழுதாகிப்போன ஸ்டாண்டு ஃபேன் ஒன்றின் தலையைக் கழற்றிவிட்டு, அடியில் சிமெண்ட் ஊற்றி, அவரே செய்தது. சக்கரம் தரையில் படாமல் வண்டி அதில் முழங்கால் உயரத்தில் நிற்கும்.

கடைசியில் அவளும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தாங்கியோடு நகர்த்தி, ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வக்கீல் மூச்சு வாங்கினான்.

“எல்லாம் மாட்டியாச்சா?”

“ஒரு பெடல் பாக்கி,” என்றாள் அவள்.

*

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அவர் சாக்கில் சுற்றிய எதையோ தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிரித்தபோது துருப்பிடித்த குழாய்கள் மட்டும் இருந்தன. சக்கரம் இல்லை, சீட் இல்லை, ஒன்றும் இல்லை.

“என்னது இது?”

“ஃப்ரேம்.”

“எந்தப் போட்டோவுக்கு?”

அவர் சிரிக்கவில்லை. விஷயம் தீவிரமானது என்று அப்போதே தெரிந்துகொண்டாள். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் காலமெல்லாம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் செய்தாலும் அளந்துதான் செய்வார். சட்டைக்குப் பொத்தான் வைக்கச் சொன்னால்கூட இரண்டு பொத்தானுக்கும் நடுவில் எவ்வளவு என்று கேட்பார். அவள் தையல்காரி. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கால் அங்குலம் தள்ளி விழுந்தால் முழுத் தையலையும் பிரித்துவிட்டு மறுபடி உட்காருவாள். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் சண்டைக்கு வெளியே போக வேண்டியதில்லை.

முதலில் சீட்டைத் தாங்கும் குழாய் வரமாட்டேன் என்றது. வருஷக்கணக்கில் ஃப்ரேமுக்குள்ளேயே கிடந்து இறுகிவிட்டது. எண்ணெய் விட்டார், வெந்நீர் விட்டார், அம்மோனியா வாங்கி வந்து ஊற்றி வீட்டையே நாறடித்தார். துணி தைக்க அளவு கொடுக்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். “மாமாவுக்கு மரை கழண்டுடுச்சுக்கா,” என்றான் வக்கீல், அவர் காதுபடவே. ஒரு சாயங்காலம் அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, காபி போட்டுக் கொடுத்தாள்.

பிறகு பழைய பெயின்ட்டைச் சுரண்டினார். என்ன நிறம் அடிக்கலாம் என்று நாள்கணக்கில் யோசித்தார். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், அவள் பெட்டியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து வீசினாள். மயில் கழுத்து நிறம். அவர் அதைப் பெயின்ட் அடிப்பவரிடம் கொடுத்து, இதேதான் வேண்டும் என்று கூடவே உட்கார்ந்து அடிக்கவைத்து வாங்கிக்கொண்டு வந்தார். நூல்கண்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ரிம் ஒரு பக்கத்திலிருந்து, ஹப் ஒரு பக்கத்திலிருந்து, பிரேக் எங்கோ ஒரு பழைய சாமான் கடையின் அடித்தட்டிலிருந்து. “இதுல த்ரெட் போயிடுச்சு,” என்பார், திருகுப் பள்ளம் தேய்ந்துபோன ஏதாவது ஒன்றைத் தூக்கிப் பார்த்து. “என்ன கலர், சொல்லுங்க, தர்றேன்,” என்பாள் அவள். எத்தனை முறை சொன்னாலும் அந்த ஜோக்குக்கு மட்டும் சிரித்துவிடுவார்.

நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது வண்டிக்குச் சக்கரங்கள் ஏறியிருந்தன. நீரை எடுத்தார்கள், மறுபடி கோத்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கட்டிலை முன்னறையில் போடச் சொன்னார், வண்டி கண்ணில் படுகிற மாதிரி.

“இனிமே கை உன்னுது, மூளை என்னுது,” என்றார்.

“இதுவரைக்கும் மட்டும் எப்படி இருந்துச்சாம்?”

அவர் சொல்லச் சொல்ல அவள் மாட்டினாள். பிரேக் கம்பி கோத்தாள், செயின் போட்டாள். ஹேண்டில் பாருக்கு டேப் சுற்றியபோது மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. சுருக்கம் விழாமல், இடைவெளி மாறாமல் சுற்றி முடித்தாள். “இதுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல,” என்றார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அன்று முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை.

மற்றதற்கெல்லாம் ‘ச்சு’ தான். ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்தால் ச்சு. கிரீஸை அதிகமாகத் தடவினால் ச்சு. நாக்கை மேலண்ணத்தில் தட்டி எழுப்பும் அந்தச் சத்தம் அவளுக்கு உச்சந்தலையில் ஏறும். “இன்னொரு ச்சு வந்துச்சு, எல்லாத்தையும் போட்டுட்டுப் போயிடுவேன்,” என்பாள். குரல் தேய்ந்துபோய், ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கிய நாட்களிலும் அவருடைய ச்சு மட்டும் தேயவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பெடல்கள்தான் பாக்கி. வலது பெடல் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. இடது பெடல் ஏறவில்லை. திருகத் திருக முனையிலேயே சுற்றிக்கொண்டு நின்றது. கேட்கலாம் என்று பார்த்தால் அவர் மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டார். கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அழுத்தித் திருகவில்லை. ஊசி இறங்காத இடத்தில் துணியைத் தள்ளக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பெடலை மெஷின் பலகை மேல் வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

*

காலையில் அவருக்கு முழிப்பு வந்தபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். கண் நன்றாகத் தெளிவாக இருந்தது. கால்மாட்டுப் பக்கம் எதையோ பார்த்தார். இடது கையை லேசாகத் தூக்கி நீட்டினார்.

“இடது…” என்றார். மூச்சு வாங்கினார். அப்புறம், “மறை,” என்றார்.

அவள் அவர் கை நீட்டிய திசையைப் பார்த்தாள். போர்வை விலகி இடது கால் முழங்கால் வரை வெளியே தெரிந்தது. வீங்கி, தோல் பளபளவென்று இருந்த கால். கூச்சக்காரர், அவளிடம்கூட அந்தக் காலைக் காட்ட விரும்பமாட்டார். மறைக்கச் சொல்கிறார் என்று போர்வையை இழுத்துக் காலை மூடி, ஓரத்தை மடித்துச் செருகிவிட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். ‘ச்சு,’ என்றார்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். அவள் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தபோது மூச்சு இல்லை.

அந்த ச்சுவைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்று, அவள் செய்தது ஒன்று என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன கேட்டார் என்பதுதான் தெரியவில்லை. டாக்டர் வந்தபோதும், தம்பி வந்து தோளைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும், அவள் மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒன்று கேட்டு, அதுவும் கிடைக்காமல் போய்விட்டாரே. அழுகைகூட அதைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்காமல் இருப்பார்களா?

“கடைசியா ஏதாவது பேசினாரா?”

“இடதுன்னாரு. மறைன்னாரு.”

“வேற?”

“அவ்வளவுதான்.”

எதிர்வீட்டு அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “பாவம், சூரிய வெளிச்சம் கண்ணுல பட்டிருக்கும். ஜன்னலை மறைக்கச் சொல்லியிருப்பாரு.” ஜன்னல் இருந்தது வலது பக்கம்.

வக்கீலுக்கு வேறு யோசனை ஓடியது. அவளைச் சமையலறைக்குள் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, மறைன்னா சொன்னாரு? எதையோ மறைச்சு வெச்சிருக்காருக்கா. இடது பக்கம்.”

“அவரா? பிறந்தநாளுக்குப் புடவை வாங்கினா வாசல்லேயே சொல்லிட்டு உள்ள வர்ற மனுஷன். அவரு எதை மறைப்பாரு?”

“அப்படிச் சொல்ல முடியாது. இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் போகலாம்.”

“கட்சி கட்டாதே. போ.”

அவன் போகவில்லை. அலமாரியின் இடது பக்க இழுப்பறையைத் திறந்து குடைந்தான். ஒரு டப்பா நிறைய குட்டி இரும்புக் குண்டுகள், ஸ்போக் கட்டு, தேய்ந்துபோன பிரேக் கட்டைகள், பழைய பல்துலக்கி. அடியில் சுருட்டி வைத்த மஞ்சள் இஞ்ச் டேப் ஒன்று. முனையில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டப்பட்டு, கிரீஸ் கறை படிந்திருந்தது.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். போன வருஷம் வீடு முழுக்கத் தேடிய டேப். மெஷினை நகர்த்தித் தேடினாள், குப்பையைக் கொட்டித் தேடினாள். அவரும் கூடவே குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடினார்.

“திருட்டு மனுஷன்!” என்றாள் சத்தமாக. “கூடவே தேடினாரேடா!”

முன்னறையில் பேச்சு நின்றது. வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கியது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது.

“அப்ப இதைத்தான் சொல்லியிருக்காருக்கா,” என்றான் கொஞ்ச நேரம் கழித்து. “ஒத்துக்கிட்டுப் போயிட்டாரு.”

அவள் டேப்பை வழக்கம்போல் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஒத்துக்கொள்பவர் ச்சு என்று சொல்லமாட்டார். அது தப்புச் செய்தவர் போடும் சத்தம் இல்லை, தப்பைப் பார்த்தவர் போடும் சத்தம்.

*

நாத்தனார் வந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. பஸ் மாறி பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் நேராகக் கட்டிலுக்குப் போய், தம் தம்பியின் தலைமாட்டில் நின்றார். அழவில்லை. அவர் நெற்றியில் விழுந்திருந்த முடியை மட்டும் ஒதுக்கிவிட்டார்.

அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு வெகு காலம் ஆகிறது. காரணத்தைக் கேட்டால் வெளியாள் சிரிப்பான். அவர்களுடைய அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். இருவரும் அந்தக் கடையிலேயே வளர்ந்தவர்கள். தம்பி பாகம் பாகமாகச் சேர்த்து ஒரு ரேஸ் சைக்கிள் கட்டியிருந்தார். வேலை கிடைத்து வெளியூர் போனபோது அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். அப்பா இறந்து, கடையைக் காலி செய்தபோது, அக்கா கைக்குழந்தையோடு தனியாக நின்று எல்லாவற்றையும் விற்றுத் தள்ளிவிட்டார். அதில் அந்தச் சைக்கிளும் போயிற்று. கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம் என்பது தம்பி கட்சி. ஊருக்கு வந்து எடுத்துப் போயிருக்கலாம் என்பது அக்கா கட்சி. அதற்கப்புறம் போன் வந்தால் தம்பி வாங்கமாட்டார். அவள்தான் நடுவில் நிற்பாள்.

“உங்க அக்கா கேக்கறாங்க, உடம்பு எப்படி இருக்குன்னு.”

“நல்லா இருக்குன்னு சொல்லு.”

“நல்லா இருக்காராம் அண்ணி.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு,” என்பார் நாத்தனார் அந்தப் பக்கம். இரண்டு பேருக்கும் குரல் கேட்கும். இருந்தாலும் அவள் வழியாகத்தான் போய் வர வேண்டும்.

உடம்பு மோசமானபோது வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். “வண்டி முடியட்டும்,” என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை; மறுபடி கேட்கவும் இல்லை.

நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் யாரோ ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். வாய் மாறி வந்ததில் வார்த்தை வளர்ந்திருந்தது.

“எல்லாத்தையும் மறந்துடுன்னு சொன்னானாமே?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “யாரு சொன்னாங்க?”

“உன் தம்பிதான். மறன்னு சொன்னாராம்னான்.”

“இல்லை அண்ணி. மறைன்னு சொன்னாரு. இடது, மறை. அவ்வளவுதான்.”

“பேசும்போது ரெண்டும் ஒண்ணுதானே? மறன்னாதான் இருக்கும்.”

“மறன்னா, இடதுன்னு எதுக்கு அண்ணி சொல்லணும்?”

நாத்தனார் யோசித்தார். முகத்தில் ஒரு பரபரப்பு வந்தது. “கடையில பலகை போட்டு உக்காருவோம். நான் எப்பவும் இடது பக்கம், அவன் வலது பக்கம். அதைத்தான் சொல்லியிருக்கான். இடது பக்கத்துக்காரிகிட்ட, மறந்துடுன்னு சொல்லச் சொல்லியிருக்கான்.”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கால் அங்குலம் தள்ளியிருக்கிறது என்று தெரிந்த பிறகு அப்படியே விட்டுப் பழக்கமில்லை.

“எனக்குத் தெரியலை அண்ணி,” என்றாள். “நான் கேட்டது மறைன்னுதான்.”

நாத்தனார் தலையை ஆட்டினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தம்பிக்கு இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார். துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. நானும்தான் என்ன ஜென்மம், ஒரு ஆமாம் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

*

வேன் வந்து தெருமுனையில் நின்றது. சந்துக்குள் திரும்பாது என்றார் ஓட்டுநர். ரிவர்ஸில் வந்தால் வரலாம், ஆனால் யாரோ நிறுத்திவைத்திருக்கும் கார் ஒன்றை எடுக்க வேண்டும். காருக்குச் சொந்தக்காரரைத் தேடி வக்கீல் ஓடினான். யோசனை சொல்ல மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். முன்னறையில் இரண்டு பெண்களும் அவரும் மட்டும் இருந்தார்கள்.

நாத்தனார் கண் முதல்முறையாகச் சைக்கிள் மேல் விழுந்தது. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார். தொடவில்லை.

“அதேவா?”

“இல்லை. அதே மாதிரி. வெறும் ஃப்ரேமா வந்துச்சு.”

“என்ன நிறம் இது?”

“நான் சொன்னது.”

“நல்லா இருக்கு.” ஹேண்டில் பாரைக் குனிந்து பார்த்தார். “டேப் யாரு சுத்தினது? அவனுக்கு இவ்வளவு சுத்தமா வராது.”

“நான்தான்.”

நாத்தனார் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பின் சக்கரத்தைத் தட்டினார். அது சத்தமில்லாமல் சுழன்றது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரிம்மின் ஓரத்தையே பார்த்தார். “கோணல் இல்லை,” என்றார். தமக்குள் சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது. அப்புறம் இந்தப் பக்கம் வந்து, “ஒரு பெடலைக் காணோமே,” என்றார்.

“அது சேரலை அண்ணி. கடைக்காரன் மாத்திக் கொடுத்துட்டான்.” மெஷின் பலகையிலிருந்து எடுத்துக் காட்டினாள். “எவ்வளவு திருகினாலும் ஏற மாட்டேங்குது.”

நாத்தனார் வாங்கி, முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பார்த்த உடனே முகத்தில் பழைய கடைக்காரரின் மகள் வந்துவிட்டாள்.

“எப்படித் திருகினே?”

“எல்லாத்தையும் மாதிரிதான். வலது பக்கமா.”

“அதான் ஏறலை. கடைக்காரனை எதுக்குத் திட்டறே? எல்லா சைக்கிளுக்கும் இந்தப் பக்கத்துப் பெடல் எதிராத்தான் திருகணும். இது இடது ம—”

நாத்தனார் நிறுத்தினார்.

தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ வலது, வலது, ஒடி என்று கத்தினார்கள்.

“சொல்லுங்க,” என்றாள் அவள்.

“இடது மரை,” என்றார் நாத்தனார். “கடையில அப்படித்தான் சொல்லுவோம். இது வலது மரை, அது இடது மரைன்னு.”

இருவரும் பெடலைப் பார்த்தார்கள். பிறகு கட்டிலைப் பார்த்தார்கள். கட்டிலின் கால்மாட்டில், இடது காலுக்கு நேர் எதிரே, வண்டி நின்றிருந்த இடம் காலியாக இருந்தது. தாங்கியின் சிமெண்ட் அடி பதிந்த வட்டம் மட்டும் தரையில் வெளுத்துத் தெரிந்தது.

“காலைச் சொன்னாருன்னு நினைச்சேன்,” என்றாள் அவள். “போர்வையை இழுத்து மூடினேன் அண்ணி. அவர் அதுக்கும் அப்பால கையைக் காட்டியிருக்காரு.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?”

“இங்க இதை த்ரெட்டுன்னுதான் சொல்வாரு. மரைன்னு ஒரு நாளும் சொன்னதில்லை.”

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தார். பெடல் கையிலேயே இருந்தது. “அப்ப என்கிட்ட ஒண்ணும் சொல்லலை,” என்றார்.

“மறன்னே வெச்சுக்கலாம் அண்ணி. யாரு கேக்கப் போறா? நீங்க சொன்னதுதான் சரி. வர்றவங்ககிட்ட நானே சொல்றேன்.”

“பொய் சொல்லாதே. உனக்கு வராது.” நாத்தனார் மூக்கை உறிஞ்சினார். “சாகப்போற நேரத்துலயும் அவனுக்கு வண்டிதான்.”

“மூடினதும் ச்சுன்னாரு,” என்றாள் அவள். இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தாள். “அதுதான் கடைசி. யார்கிட்டயும் சொல்லலை.”

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “எங்கப்பா போடுற ச்சு,” என்றார். “ரெண்டு பேரும் ஸ்பேனரைத் தப்பாப் பிடிச்சா போடுவாரு. இவன் அதை இன்னுமா வெச்சிருந்தான்?”

“நாள் முழுக்க.”

“ஐயோ. நீ எப்படிம்மா குடித்தனம் பண்ணினே?”

அவளும் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று இருவருக்குமே தெரியவில்லை. காலையிலிருந்து வராமல் முரண்டு பிடித்தது எல்லாம் சேர்ந்து வந்தது. நாத்தனார் அவள் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பின் முனையை எடுத்து அவள் கண்ணைத் துடைக்கப் போய், கிரீஸைப் பார்த்துவிட்டு விட்டார்.

“அந்த வார்த்தை உங்களோடதுதான் அண்ணி,” என்றாள் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “எனக்குப் புரியாத வார்த்தையை என்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நீங்க பக்கத்துல இருக்கறதா நினைச்சிருப்பாரு. எனக்கு ச்சு போதும்.”

நாத்தனார் சற்று நேரம் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

“கிரீஸ் எங்க?”

அவள் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

“என்கிட்ட எதுக்குக் கொடுக்கறே? நீ தடவு. கொஞ்சமா. தடவலேன்னா அப்புறம் கழட்ட முடியாது.”

“இனிமே யாரு அண்ணி கழட்டப் போறா?”

“தடவு.”

அவள் சுண்டுவிரலால் தடவினாள். பெடலை ஓட்டையில் வைத்தாள். பழக்கத்தில் கை வலது பக்கம் போயிற்று. கட்டிலிலிருந்து சத்தம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை.

“எதிர்ப்பக்கம்,” என்றார் நாத்தனார். “முன் சக்கரம் இருக்கிற பக்கமா. முன்னால போற பக்கம்தான் ரெண்டு பெடலும் இறுகும். அவ்வளவுதான் கணக்கு.”

அவள் எதிர்ப்பக்கம் திருப்பினாள். பெடல் ஒரு தடவை தயங்கிவிட்டு, பிடித்துக்கொண்டது. அப்புறம் விரல் சொன்னபடி கேட்டது. சுற்றச் சுற்ற உள்ளே போனது. கடைசி இறுக்கலுக்கு ஸ்பேனரை நாத்தனார் வாங்கிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினார். இரண்டு பேருடைய விரல்களிலும் கறுப்பு ஏறியிருந்தது. நாத்தனார் பெடலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். செயின் இழுக்க, பின் சக்கரம் ஓடத் தொடங்கியது.

வாசலில் வேன் ஓட்டுநர் வந்து நின்றார். உள்ளே வரத் தயங்கி, நிலைப்படியிலேயே நின்று தொண்டையைக் கனைத்தார்.

“வண்டி ரெடிம்மா,” என்றார். “எடுத்துடலாமா?”

இருவரும் சைக்கிளைத்தான் பார்த்தார்கள்.